காசு வாங்கிப் பேசினா ஸ்டூல் ஏறணும்

எங்க கடைக்கு நீங்க வந்தா முதல்ல கண்ணுல படறது ஒரு உயரமான ஸ்டூல். சிவப்பு ரெக்சின் போட்டது, ஒரு ஓரத்துல பஞ்சு எட்டிப் பாக்கும். சின்னப் பிள்ளைங்களுக்கு முடி வெட்டறதுக்காக வாங்கினது. ஆனா அதுல நல்லா வயசான பொம்பளைங்க காலைத் தொங்கப் போட்டுக்கிட்டு உக்காந்து பேசிக்கிட்டிருந்தா பயந்துடாதீங்க. எங்களுக்கு ஒண்ணும் பைத்தியம் பிடிக்கல. அது என் அக்கா போட்ட சட்டம். அந்தச் சட்டம் எப்படி வந்ததுன்னு சொல்லணும்னா என் அக்காவைப் பத்திச் சொல்லணும். சொல்றதுல எனக்குப் பெருமைதான், மறைக்கவா போறேன்? கூடப் பிறந்தவளைப் பத்திப் பேச எனக்கு யாரும் காசு குடுக்கல, அதனால நான் கீழ உக்காந்தே பேசறேன்.

அக்காவுக்குன்னு வெச்ச பேரு ஒண்ணு உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டா அவளே திரும்பிப் பாக்க மாட்டா. எல்லாருக்கும் அவ ரேடியோ. அந்தப் பேரை வெச்சது எங்க அம்மா. காலையில கண்ணு திறக்கறதுக்கு முன்னாடி அவளுக்கு வாய் திறந்துடும். வாயுள்ள பிள்ளை பிழைக்கும்னு சொல்லுவாங்க இல்ல, எங்க அம்மா அதை நம்பவே இல்ல. "இவ வாயைப் பூட்ட ஒரு ஆள் வெச்சா, அவனுக்குச் சம்பளம் குடுத்தே நான் ஓட்டாண்டி ஆயிடுவேன்"னு தலையில அடிச்சுக்குவாங்க. பள்ளிக்கூடத்துல பேசினதுக்குத் தண்டனைன்னு வகுப்புக்கு வெளிய நிக்க வெச்சாங்க. வெளிய வாட்ச்மேன் இருந்தாரு. கொஞ்ச நாள்ல அந்த மனுஷனோட மாமியார் சண்டை வரைக்கும் இவளுக்கு அத்துப்படி.

கத்திரிக்கோல் பிடிக்கற ஆசையும் சின்ன வயசுலயே வந்துடுச்சு. முதல் பலி நான்தான். வகுப்புல எல்லாரையும் சேத்துப் போட்டோ எடுக்கறதுக்கு முந்தின நாள் என்னை உக்கார வெச்சு வெட்டினா பாருங்க, ஒரு பக்கம் காது வரைக்கும், இன்னொரு பக்கம் தோள் வரைக்கும். நான் ஓன்னு அழுதேன். அம்மா ஓடி வந்து, "அழகாத்தான்டி இருக்கு கண்ணு, அழாதே"ன்னாங்க. அப்பாவும் எட்டிப் பாத்துட்டு, "புது மாதிரியா இருக்கே"ன்னாரு. அக்கா மட்டும் என் எதிர்ல மண்டி போட்டு உக்காந்து, என் முகத்தை நேராப் பாத்துச் சொன்னா: "நல்லா இல்லடி. நான் கெடுத்துட்டேன்." எனக்கு அதைக் கேட்டதும் அழுகை நின்னுடுச்சு. ஏன்னு அப்பத் தெரியல.

பள்ளிக்கூடம் முடிச்சதும் ஒரு பெரிய பார்லர்ல கீழ விழற முடியைக் கூட்டற வேலைக்குப் போனா. கூட்டிக்கிட்டே பாத்து, பாத்துக்கிட்டே கத்துக்கிட்டு, கல்யாணத்துக்கு அப்புறம் தனிக்கடை போட்டா. என்னையும் இழுத்துப் போட்டுக்கிட்டா. மாமா, அதாவது அக்காவோட வீட்டுக்காரர், ரொட்டி வேன் ஓட்டறவரு. வாயே திறக்க மாட்டாரு. "வீட்டுக்கு ஒரு ரேடியோ போதும்"னு பொண்ணு பாக்க வந்த அன்னைக்குச் சொன்னாராம். அதுக்கப்புறம் அந்த மனுஷன் பெருசா எதுவும் சொன்னதா எனக்கு ஞாபகம் இல்ல.

கடை பஸ் ஸ்டாப்புக்கு எதிர்ல, மாடிப்படிக்குக் கீழ நீளமா ஒரு அறை. மேல பல் டாக்டர். அங்க வாயைத் திறங்க வாயைத் திறங்கன்னு கெஞ்சிக்கிட்டிருப்பாங்க. கீழ எங்களுக்கு அந்தக் கஷ்டமே கிடையாது. ரெண்டு நாற்காலி, சுவரு நீளத்துக்கு ஒரு கண்ணாடி, காத்திருக்கறவங்களுக்கு ஒரு பெஞ்சு, கடைசியில தலை அலசற தொட்டி. அந்தத் தொட்டிக் குழாயை ரெண்டு தட்டு தட்டினாத்தான் தண்ணி வரும். அக்கா முதல் நாற்காலி, நான் ரெண்டாவது.

எங்க தொழில்ல ஒரு விஷயம் இருக்கு. எவ்ளோ பெரிய ஆளா இருந்தாலும் அவங்க பின்னந்தலை அவங்களுக்குத் தெரியாது. மத்த கடைகள்ல வெட்டி முடிச்சதும் கைக்கண்ணாடியைப் பின்னால ஒரு நொடி காட்டுவாங்க. வந்தவங்க ஒண்ணும் பாக்காமலே "ம்ம், ம்ம்"னு தலையாட்டிட்டு எழுந்திரிச்சுடுவாங்க. எங்க கடையிலயும் கைக்கண்ணாடி ஆணியில தொங்கிக்கிட்டுத்தான் இருந்தது. ஆனா யாரும் கேக்க மாட்டாங்க. அக்காகிட்ட வாயால கேப்பாங்க. கோணலா வந்திருந்தா அவளே சொல்லுவா: "இடது பக்கம் சொதப்பிட்டேன், எழுந்திரிக்காதீங்க, சரி பண்ணித் தரேன்." நல்லா இல்லாத ஸ்டைலைக் கேட்டு வந்தா, "உங்க முகத்துக்கு இது வேண்டாம், அப்புறம் என்னைத் திட்டுவீங்க"ன்னு மூஞ்சிக்கு நேராச் சொல்லுவா. அதனால கோவிச்சுக்கிட்டுப் போனவங்க உண்டு. போனவங்க திரும்பி வராம இருந்ததில்ல.

அவளைக் கண்ணை மூடிக்கிட்டு நம்பினவங்கள்ல முதல் ஆளு கேஷியரம்மா. கண்ணை மூடிக்கிட்டுன்னா நிஜமாவே மூடிக்கிட்டு. பக்கத்துத் தெரு பேங்க்ல உக்காந்திருக்கிற கறாரான மனுஷி, சிரிச்சா உதடு தேஞ்சுடும்னு நினைக்கறவங்க. ஒரு காய்ச்சலுக்கு அப்புறம் அவங்க பின்னந்தலையில காசு அளவுக்கு ஒரு வழுக்கை விழுந்துடுச்சு. வீட்டுல யாருகிட்டயும் காட்டல. டாக்டர்கிட்ட போனாங்க, அவரு முளைச்சாலும் முளைக்கும், முளைக்காமலும் போகும்னு கையை விரிச்சுட்டாரு. அவங்களுக்கும் தானாப் பாக்க தைரியம் இல்ல. மாசா மாசம் வந்து உக்காந்து, கண்ணை மூடிக்கிட்டு ஒரே ஒரு கேள்வி கேப்பாங்க: "கூடியிருக்கா, குறைஞ்சிருக்கா?"

அக்கா சீப்பு வாலால முடியை விலக்கிப் பாத்து, இருக்கறதைச் சொல்லுவா. "அப்படியேதான்மா இருக்கு." இல்லன்னா, "கொஞ்சம் கூடியிருக்கும்மா." அவ்ளோதான். நாள் முழுக்க லொடலொடன்னு பேசறவ, இந்தக் கேள்விக்கு மட்டும் ஒத்தை வரியோட நிறுத்திக்குவா. அப்புறம் மேல் முடியை அதுக்கேத்த மாதிரி விட்டு, வழுக்கை தெரியாம வெட்டி அனுப்புவா. அவங்க வாசல்ல இறங்கும்போது முதுகு நிமிந்திருக்கும்.

இப்படி ஓடிக்கிட்டிருந்தப்பதான் அந்தக் கம்பெனிப் பொண்ணு வந்தா. புருவம் திருத்திக்க வந்தவ. நூலைப் பல்லுல கடிச்சுக்கிட்டே கதை சொல்லத் தெரிஞ்ச ஒரே ஆளு என் அக்காதான். அந்தப் பொண்ணு வலியை மறந்து கேட்டுக்கிட்டிருந்துட்டு, தலையை ஒரு பக்கமாச் சாய்ச்சுச் சொன்னா: "அக்கா, உங்க பேச்சு சும்மா காத்துல போகுதே!"

பையில இருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்தா. முடிக்குப் போடற சீரமாம், புதுசா வந்திருக்காம். "டிவியில சொன்னா இப்பல்லாம் யாரும் நம்பறதில்லக்கா. பக்கத்துல உக்காந்திருக்கறவங்க சொன்னாத்தான் நம்பறாங்க. நீங்க வழக்கம் போலவே பேசுங்க. நடுவுல இதைப் பத்தி ரெண்டு வார்த்தை. யார்கிட்ட பேசினீங்க, என்ன சொன்னாங்கன்னு போன்ல பேசி எனக்கு அனுப்பிடுங்க. மாசமானா கம்பெனி காசு குடுத்துடும்."

"காசு வாங்கிட்டுத்தான் சொல்றோம்னு சொல்லலாமா?" கேட்டது நான்தான்.

"ஐயோ, அது மட்டும் வேண்டாம்கா. சொன்னா அந்த இயல்பு போயிடும். யாராவது கேட்டா சொந்தக்காரப் பொண்ணு ஒருத்தி சொன்னான்னு சொல்லிடுங்க. 'நானே முதல்ல நம்பல'ன்னு ஆரம்பிங்க, நல்லா எடுபடும்."

அவ போனதும் நான் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டேன். எனக்கு மனசுல ஒண்ணு வந்தா மூஞ்சியில தெரிஞ்சுடும். அக்கா சொன்னா: "நான் என்ன பொய்யாடி சொல்லப் போறேன்? முதல்ல நானே போட்டுப் பாப்பேன். நல்லா இருந்தாத்தான் சொல்லுவேன்." சொன்ன மாதிரியே போட்டும் பாத்தா. முடி பளபளன்னுதான் இருந்தது, அதையும் நான் இல்லன்னு சொல்ல மாட்டேன். அப்புறம் அவ முகத்தைப் பாக்கணுமே! "பேசிப் பேசி அடி வாங்கினவடி நான். இப்பப் பேசறதுக்குக் காசு வருது! அம்மாவுக்குப் போன் போட்டுச் சொல்லட்டுமா?" அந்தச் சந்தோஷத்தைப் பாத்துட்டு யாருக்கு வாய் வரும்? நான் பேசாம சீப்பைக் கழுவப் போயிட்டேன்.

அன்னையில இருந்து எங்க கடையில எந்தப் பேச்சு கிளம்பினாலும் அது சீரத்துலதான் போய் இறங்கும். ஒருத்தி பஸ் லேட்டுன்னு புலம்பினா, வெயில்ல நின்னா முடி காயும், காஞ்சா என்ன போடணும்? இன்னொருத்தி மருமக பேச்சே கேக்கறதில்லன்னா, கவலைப்பட்டா முடி கொட்டும், கொட்டினா என்ன போடணும்? மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடறதுன்னு சொல்லுவாங்களே, அதை நான் தினமும் கண்ணால பாத்தேன். ரேடியோ சொல்லிட்டான்னு எல்லாரும் முனைக் கடைக்குப் போய் வாங்கினாங்க.

கேஷியரம்மா காதுலயும் அது விழுந்தது. "இது எனக்கு உதவுமா?"ன்னு கேட்டாங்க. அக்கா வெட்டிக்கிட்டே, "போட்டுத்தான் பாருங்களேன்மா, நஷ்டம் என்ன?"ன்னா. எல்லாரும் சொல்ற வார்த்தைதான். ஆனா இவ எல்லாரும் இல்லையே.

அடுத்த மாசம் வந்தாங்க. கண்ணை மூடினாங்க. "கூடியிருக்கா, குறைஞ்சிருக்கா?"

அக்கா முடியை விலக்கிப் பாத்தா. வழக்கமா உடனே வர்ற பதில் அன்னைக்கு வரல. அப்புறம், "கொஞ்சம் பரவாயில்ல மாதிரி இருக்கும்மா"ன்னா. கேஷியரம்மா சிரிச்சாங்க. அந்த முகத்துல பல்லு தெரிஞ்சதை நான் அன்னைக்குத்தான் பாத்தேன். பக்கத்து நாற்காலியில இருந்து எனக்கு அவங்க பின்னந்தலையும் நல்லாத் தெரிஞ்சது. கூடியிருந்தது. காசு அளவு இருந்தது இப்ப உள்ளங்கையில பாதி.

கடையில யாரும் இல்லாத நேரம் பாத்துக் கேட்டேன். "அக்கா, அது கூடித்தானே இருந்தது?"

"உனக்கு என்னடி தெரியும்? ஓரத்துல பூனை முடி மாதிரி முளைச்சிருந்தது, நான் பாத்தேன்"னு வள்ளுன்னு விழுந்தா. சத்தியமா அவ வேணும்னே பொய் சொல்லல. முளைச்சிருக்குன்னு அவ கண்ணுக்கே தெரிஞ்சிருக்கு. வாயை விலைக்குக் குடுத்தா கண்ணும் கூடவே போயிடும் போல இருக்கேன்னு நினைச்சுக்கிட்டேன்.

அப்புறம் ஒரு சனிக்கிழமை. கடை நிறைய ஆளு. கேஷியரம்மா தலையை அலசிட்டு ஈர முடியோட அக்கா நாற்காலியில உக்காந்திருக்காங்க. பெஞ்சுல மூணு பேரு. ஒருத்தி பக்கத்துக் கடைத் தையல்காரம்மா. ஒருத்தி பள்ளிக்கூட வேன்ல பிள்ளைங்களை ஏத்தி இறக்கற வேன் அக்கா. இன்னொருத்தி மேல பல் டாக்டர்கிட்ட டோக்கன் குடுக்கற பொண்ணு.

தையல்காரம்மா மெதுவா வேன் அக்கா பக்கம் சாஞ்சாங்க. "உன் முடி ஏன் இப்படி நார் மாதிரி கிடக்கு? நான் சொன்ன அந்தச் சீரத்தைப் போடறியா? நானே முதல்ல நம்பல..."

வேன் அக்கா வாயைப் பிளந்துட்டா. "அட, அதையேதானே நானும் உங்களுக்குச் சொன்னேன்! நானும் முதல்ல நம்பலக்கா..."

டோக்கன் பொண்ணு நடுவுல பூந்தா. "எனக்கும் சொந்தக்காரப் பொண்ணு ஒருத்தி சொல்லித்தான்..." சொல்ல வந்தவ பாதியில நிறுத்திட்டா.

மூணு பேரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க.

"உன் சொந்தக்காரப் பொண்ணு... ஹை ஹீல்ஸ் போட்டிருப்பாளா?"

"பேசும்போது தலையை ஒரு பக்கமாச் சாய்ப்பாளே?"

"அடிப்பாவிங்களா, அப்ப நாம மூணு பேரும் சொந்தமா?"

எனக்குச் சிரிப்பு தாங்கல. கையில இருந்த கத்திரியைக் கீழ வெச்சுட்டேன். "நீ சொன்னேன்னுதானேடி நான் ரெண்டாவது பாட்டில் வாங்கினேன்!"னு தையல்காரம்மா கத்த, "நீங்க சொன்னீங்கன்னுதான் நான் வாங்கினதே!"ன்னு வேன் அக்கா கத்த, கம்பெனி குடுத்த காசு கம்பெனிக்கே போய்ச் சேந்திருக்கு. இவ அவளைப் பிடிச்சுட்டேன்னு போன்ல பேசி அனுப்பியிருக்கா, அவ இவளைப் பிடிச்சுட்டேன்னு அனுப்பியிருக்கா. கடையே குலுங்கிச் சிரிச்சது.

சிரிப்பு அடங்கும்போது தையல்காரம்மா கண்ணைத் துடைச்சுக்கிட்டே சொன்னாங்க: "நல்லவேளை, நம்ம ரேடியோவும் சொன்னாளேன்னுதான் எனக்கு ஒரு தைரியம். அவ என்ன நம்மள மாதிரி காசுக்குப் பேசற ஆளா?"

அக்கா கையில கத்திரி நின்னுடுச்சு. கேஷியரம்மா கண்ணைத் திறந்தாங்க. கண்ணாடி வழியா அக்காவைப் பாத்தாங்க.

"உனக்குமா?"

முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கறவங்க எத்தனையோ பேரு இருக்காங்க. அக்கா முகத்துல ஈயாடல, ஆனா பதில் சொல்லிட்டா. "ஆமாம்மா."

"அந்தக் கைக்கண்ணாடியை எடு."

அது ஆணியில தூசி படிஞ்சு கிடந்தது. அக்கா துணியால துடைச்சுக் குடுத்தா. கேஷியரம்மாவுக்கு அதை எப்படிப் பிடிக்கறதுன்னு தெரியல. இந்தப் பக்கம் திருப்பினா உருவம் அந்தப் பக்கம் போகுது. அக்கா உதவலாம்னு கையை நீட்டினா. "நான் பாத்துக்கறேன்"னாங்க. கடைசியில அந்த இடம் கண்ணாடிக்குள்ள வந்து நின்னது. அவங்க பாத்தாங்க. ரொம்ப நேரம் பாத்தாங்க. சத்தம் போட்டிருந்தா நல்லா இருந்திருக்கும்.

"டாக்டர் சொன்னதைக் கூட நான் பெருசா எடுத்துக்கல. நீ சொல்றதை வெச்சுத்தான் நிமிந்து நடந்தேன்." இதை மட்டும் சொல்லிட்டு, வெட்டாத ஈர முடி மேல ஸ்கார்ஃபைக் கட்டிக்கிட்டு இறங்கிப் போயிட்டாங்க.

பக்கத்துல கிடந்தது அந்தப் பிள்ளைங்க ஸ்டூல்தான், அக்கா அதுல ஏறி உக்காந்துட்டா. கால் தரையில எட்டல. பெஞ்சுல இருந்தவங்க, என் நாற்காலியில இருந்தவங்க, எல்லாரும் அவளையே பாத்துக்கிட்டிருந்தாங்க. அவ அங்க உக்காந்தபடியே சொன்னா: "நான் கை நீட்டிக் காசு வாங்கிட்டுத்தான் பேசினேன். நல்லா இருக்குன்னு நினைச்சுத்தான் சொன்னேன். ஆனா வாங்கினதைச் சொல்லல. அந்தம்மாவுக்குக் கூடித்தான் இருந்தது. நான் குறைஞ்ச மாதிரி சொன்னேன்."

அதுக்கப்புறம் ரேடியோ நின்னு போச்சு. கத்திரி சத்தம் மட்டும்தான் கேக்கும். மாமா என்னைத் தனியாக் கூப்பிட்டு, ஒரு வருஷத்துக்குப் பேச வேண்டியதை ஒரேயடியாப் பேசினாரு: "அவ பேசலன்னா எனக்குச் சோறு இறங்கல. என்ன ஆச்சு அவளுக்கு?" நான் சொன்னேன். அவரு வேன் சாவியை உருட்டிக்கிட்டே இருந்துட்டு, "சரி பண்ணிடுவா, அவ அப்படிப்பட்டவ"ன்னாரு. அந்த மனுஷன் மேல எனக்கு இருந்த மரியாதை அன்னைக்கு ரெட்டிப்பாச்சு.

சரி பண்ணித்தான் காட்டினா. முதல்ல கம்பெனிப் பொண்ணுக்குப் போன் போட்டா. "நான் பேசறேம்மா, பேச மாட்டேன்னு சொல்லல. ஆனா காசு வாங்கறேன்னு சொல்லிட்டுத்தான் பேசுவேன்."

"ஐயோ அக்கா, அப்படிச் சொன்னா யாரு நம்புவாங்க?"

"சொன்னா நம்ப மாட்டாங்கன்னா, சொல்லாம நம்ப வெச்சதுக்குப் பேரு என்ன?"

"எல்லாரும் பண்றதுதானேக்கா"ன்னா அவ.

"எல்லாரோட பின்னந்தலையும் என் கையில இருக்கும்மா. உனக்கு அது புரியல"ன்னு சொல்லி வெச்சுட்டா. கம்பெனி குடுத்திருந்த மிச்ச பாட்டிலையெல்லாம் கட்டி, வாங்கின காசோட சேத்துத் திருப்பி அனுப்பிட்டா.

அடுத்தது எங்க வாடிக்கைக்காரங்க. யாரு வந்து உக்காந்தாலும் கழுத்துல துணி கட்டறதுக்கு முன்னாடி, அந்த ஸ்டூலை இழுத்து அவங்க எதிர்ல போட்டு ஏறி உக்காந்து சொல்லுவா. பின்னால நின்னு கண்ணாடி வழியாச் சொல்லக் கூடாதாம், நேருக்கு நேரா சொல்லணுமாம். எனக்கு ஆத்திரமா வந்தது. "ஏன்க்கா உன்னை நீயே இப்படிச் சந்தி சிரிக்க வெச்சுக்கறே? நாலு நாளானா எல்லாரும் மறந்துடுவாங்க"ன்னேன். "அவங்க மறக்கறதுக்கு முன்னாடி சொல்லணும்டி, அதுக்குத்தான் அவசரம்"னா.

ஒருத்தி, "ச்சீ, நீயா?"ன்னு எழுந்து போயிட்டா. ஒருத்தி பாட்டில் காசைத் திருப்பிக் குடுன்னா, அக்கா மறுபேச்சு பேசாம குடுத்தா. நிறைய பேரு, "போடி இவளே, இதுக்கா இவ்ளோ?"ன்னு சிரிச்சாங்க. ஒரு மகராசி எல்லாத்தையும் கேட்டுட்டு, "அந்தக் கம்பெனி நம்பர் இருக்கா? எனக்கும் ஒரு வேலை வேணும்"னா. அன்னைக்கு அக்காவுக்கே லேசா சிரிப்பு வந்தது.

தையல்காரம்மா மறுபடி வந்தப்ப, தன் கடையில புதுசா வந்த துணியைப் பத்தி வாயெடுத்தாங்க. எடுத்தவங்க நிறுத்தி, ஸ்டூலைப் பாத்தாங்க. ஒரு பெருமூச்சு விட்டுட்டு, முக்கி முனகி ஏறி உக்காந்துட்டாங்க. "இது என் வியாபாரம், எனக்கு லாபம், தெரிஞ்சுக்கோங்க. இப்பச் சொல்றேன் கேளுங்க"ன்னாங்க. பெஞ்சு கைதட்டிச்சு. அப்படியே அது சட்டமாயிடுச்சு. எங்க கடைக்குள்ள யாரும் எதை வேணாலும் புகழலாம். அதுல அவங்களுக்கு ஒரு காசு வருதுன்னா, ஸ்டூல்ல ஏறி உக்காந்துதான் புகழணும். ஒரு நாள் மாமா சாப்பாட்டுப் பையை வாங்க வந்தவரு, ஏதோ வாய் தவறி, "இன்னைக்கு ரொட்டி நல்லா வந்திருக்கு"ன்னுட்டாரு. "ஸ்டூல்! ஸ்டூல்!"னு கடையே கத்திச்சு. பாவம் மனுஷன், பத்துப் பொம்பளைங்க நடுவுல காதெல்லாம் சிவந்து போய் ஏறி உக்காந்து அதையே திரும்பச் சொல்லிட்டு இறங்கி ஓடினாரு.

கம்பெனிப் பொண்ணு கூட ஒரு தடவை வந்தா, வேற கம்பெனி ஷாம்புவோட. அக்கா கோவிக்கல. "தாராளமாச் சொல்லு. அங்க ஏறிச் சொல்லு"ன்னா. ஹை ஹீல்ஸைக் கழட்டிட்டு ஏறினா. "எனக்கு இதுக்குத்தான் சம்பளம்"னு ஆரம்பிச்சா, முதல்ல குரல் நடுங்கிச்சு. அப்புறம் கேள்வி மேல கேள்வியாக் கேட்டாங்க, அவளும் தெரிஞ்சதைச் சொன்னா, தெரியாததைத் தெரியாதுன்னா. ரெண்டு பேரு வாங்கினாங்க. இறங்கும்போது அவ முகம் தெளிஞ்சிருந்தது.

எல்லாம் நடந்தது. கேஷியரம்மா மட்டும் வரல. அக்கா வாசலைப் பாத்துக்கிட்டேதான் வெட்டுவா. பேச்சும் பழையபடி வரல. பேங்க் பக்கம் போய்ப் பேசிட்டு வான்னு நான் சொன்னேன். "அவங்களா வரணும்டி. நான் போய் நின்னா அவங்க தலையைப் பத்தி நாலு பேருக்குத் தெரியும்"னுட்டா. கைக்கண்ணாடியை மட்டும் தினமும் துடைச்சு வெச்சா.

மழை விட்ட ஒரு மத்தியானம் வாசல்ல குடை மடக்கற சத்தம். கேஷியரம்மா. எங்கேயோ வேற கடையில வெட்டியிருக்காங்க, பின்னால படிக்கட்டு மாதிரி இருந்தது. நேரா வந்து அக்கா நாற்காலியில உக்காந்தாங்க. அக்கா பதறிப்போய் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறப் போனா.

"வேண்டாம், இறங்கு. பேங்க்ல என் கவுன்டருக்கு வர்ற ஒவ்வொருத்தியும் உன் ஸ்டூல் கதையைச் சொல்லிட்டுத்தான் போறா. கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு."

அக்கா இறங்கினா. ஆணியில இருந்து கைக்கண்ணாடியை எடுத்து நீட்டினா. நான் வெட்டறதை நிறுத்திட்டேன். என் நாற்காலியில இருந்த அம்மாவும் திரும்பிப் பாத்தாங்க.

கேஷியரம்மா கண்ணாடியைப் பாத்தாங்க. அக்காவைப் பாத்தாங்க.

"அதை மாட்டு. அதைப் பிடிச்சுப் பாத்தா எனக்குக் கை வலிக்குது." கண்ணை மூடிக்கிட்டாங்க. "நீ சொல்லு. கூடியிருக்கா, குறைஞ்சிருக்கா?"

அக்கா சீப்பு வாலால முடியை விலக்கினா. நிதானமாப் பாத்தா. அவ கண்ணு கலங்கியிருந்தது, புறங்கையால துடைச்சுட்டு மறுபடியும் பாத்தா.

"கூடியிருக்கும்மா. நல்லாவே கூடியிருக்கு. இனிமே மேல் முடியை விட்டு மறைக்க முடியாது."

கேஷியரம்மா கண்ணைத் திறந்து, முதுகை நிமித்தி உக்காந்தாங்க.

"அப்ப மறைக்க வேண்டாம். கட்டையா வெட்டிடு. அது எனக்கு நல்லா இருக்குமா, இருக்காதா?"

அக்கா நாற்காலியைச் சுத்தி முன்னால வந்து அந்த முகத்தை நேராப் பாத்தா. "நல்லா இருக்கும்மா"ன்னா. கேஷியரம்மா தலையை ஆட்டினாங்க. வேற எதுவும் கேக்கல.

துணியைக் கட்டி அக்கா வெட்ட ஆரம்பிச்சா. முடி கொத்துக் கொத்தா விழுந்தது. கடையில கத்திரி சத்தம் மட்டும்.

"ஏன் வாயை மூடிக்கிட்டு வெட்டறே? ரேடியோ ரிப்பேரா?"ன்னாங்க கேஷியரம்மா.

அவ்ளோதான். ஆரம்பிச்சா பாருங்க! மாமா ஸ்டூல் ஏறின கதையில தொடங்கி, பல் டாக்டருக்கே பல் வலி வந்த கதை வரைக்கும் ஒரே மூச்சுல. என் நாற்காலியில இருந்த அம்மா என் கையைத் தட்டி, "யாரும்மா இது, இப்படிப் பேசறாங்க?"ன்னு கேட்டாங்க. கடைக்குப் புதுசு, பாவம்.

"என் அக்கா"ன்னேன்.